மூடியின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு

மூன்று நாற்பது. நான்கு பத்துக்கு முடிந்துவிடும். அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாதா என்ன, முப்பது வருஷமாகக் கூட்டங்களில் அதைத்தானே செய்துவருகிறேன். மடியில் கைப்பை, பைக்குள் கைக்குட்டை, கைக்குட்டைக்குள் அது. தொடக்கூடாது என்று நினைத்த மாத்திரத்தில் விரல் ஜிப்பைத் தேடிப் போகிறது. ஏசி குளிர் முட்டிவரை ஏறிவிட்டது, இந்த ஹோட்டல்காரர்களுக்குக் கோயம்புத்தூர் வெயில்மேல் என்ன கோபமோ. பக்கத்து ஹாலில் யாருக்கோ அறுபதாம் கல்யாணம். காலையில் தாலி கட்டி, மதியம் சாப்பிட்டு, இப்போது போட்டோ எடுக்கிறார்கள். நடுவில் இருப்பது சுவர் இல்லை, இழுத்து மூடுகிற பலகைத் தடுப்பு, அதனால் அங்கே மைக்கில் சொல்வதெல்லாம் இங்கே வந்து விழுகிறது. மதுரைச் சித்தப்பா குடும்பம் மேடைக்கு வரவும். மதுரைச் சித்தப்பா எங்கே இருந்தாலும் மேடைக்கு வரவும். என் வீட்டுக்காரருக்கும் இந்த ஐப்பசி வந்தால் அறுபது ஆகியிருக்கும். இருந்திருந்தால் மாலையும் கழுத்துமாக நிற்கச் சம்மதித்திருக்க மாட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்கப் போயிருப்பார், நான் மட்டும் தனியாக மாலையோடு நின்றிருப்பேன். இப்போதும் தனியாகத்தான் இருக்கிறேன், மாலைக்குப் பதில் பொன்னாடை, ஐந்து மணிக்கு. ஒன்பது வருஷம் செயலாளராக இருந்து இன்றோடு இறங்குகிறேன் என்று போர்த்தப்போகிறார்கள். எங்கள் தலைவர் கோதண்டராமன் மேடையில் எழுந்து காதுக் கருவியைத் திருகிக்கொள்கிறார். கையில் சின்னத் தாள். அதில் மூன்று பெயர் இருப்பது எனக்குத் தெரியும், டைப் செய்தவளே நான்தான். சண்முகவடிவு என்ற என் பெயர் அதில் இல்லை. தாளில் இல்லாதவர்களும் எழுந்து பேசலாம் என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

சங்கம் என்று சொன்னாலே எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். கொழுந்தன் கேட்பார், அண்ணி, அந்த செல்போன் டவரால குருவி சாகுதே, அந்த சங்கமா. இல்லை தம்பி, மின்னணுவியல் கதிர்வீச்சு விளைவு ஆய்வாளர் சங்கம் என்று முழுப்பெயரையும் சொன்னால் காப்பியை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிதில்லை. பூமியின் காற்றைத் தாண்டிப் போனால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எந்நேரமும் பறந்துகொண்டிருக்கின்றன. செயற்கைக்கோளுக்குள் இருக்கிற ஒரு சிப்பில் அதில் ஒன்று விழுந்தால் போதும், உள்ளே எழுதிவைத்த ஒன்று பூஜ்யமாகும், பூஜ்யம் ஒன்றாகும். சிப் உடையாது, புகையாது. சொன்னதை மாற்றிச் சொல்லும், அவ்வளவுதான். எந்த சிப் மாற்றிச் சொல்லும், எது சொல்லாது என்று இங்கேயே துகளை விட்டுப் பார்த்து எழுதிவைப்பது எங்கள் வேலை. நாடு முழுக்கச் சேர்த்து நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லா சிப்பையும் எல்லாரும் சோதித்துப் பார்க்க ஏழு ஜென்மம் வேண்டும், துகளை முடுக்கிவிடுகிற பெரிய இயந்திரத்தில் நேரம் கிடைக்கவே ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒருவர் பார்த்ததை மற்றவர் நம்புகிறோம். வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருடைய முடிவுகளையும் சேர்த்து ஒரு தரவுப் புத்தகம் போடுகிறோம். புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் மறுபடி சோதிக்க வேண்டாம். சங்கம் என்பது அந்த நம்பிக்கைதான், மற்றபடி அடையாள அட்டையும் தயிர்சாதமும் யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். அந்தப் புத்தகத்தில் வரிசை எண் நாற்பத்தொன்று. நினைவக சிப். சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர். பிழைகள் என்ற இடத்தில் பூஜ்யம். பதினொரு வருஷமாக அந்தப் பூஜ்யம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. என்னைப் புதிதாகப் பார்க்கிறவர்கள்கூட, ஓ, நாற்பத்தொன்று நீங்களா என்று கேட்பார்கள், எனக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போகும். அதை ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்.

முதலில் மதுசூதனன் எழுந்துவிட்டான். இந்த அரை மணிக்குச் சறுக்கல் நேரம் என்று பெயர். கூட்டத்தின் கடைசி நாள், டீ முடிந்த பிறகு. மேடைக்குப் போகக்கூடாது, உட்கார்ந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும். படம் போடக்கூடாது, மைக் கூடாது. சறுக்கிய பொருளைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். யாரும் கை தட்டமாட்டார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள், பாவம் என்று உச்சுக்கொட்டவும் மாட்டார்கள். செயலாளர் சறுக்கல் நோட்டில் எழுதிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வார், எழுதிக்கிட்டோம். அதோடு சரி, அந்த ஆள் விடுதலை. மதுசூதனன் கையில் ஒரு கடிகாரம். மாமனார் கல்யாணத்துக்குப் போட்டதாம். கதிர் பாய்ச்சுகிற கோபால்ட் அறைக்குள் போர்டை வைக்கும்போது கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான், இரண்டு நாள் கதிர் வாங்கியிருக்கிறது, கண்ணாடி டிகாஷன் நிறத்துக்குப் போய்விட்டது. "வீட்ல கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல சார், வெயில்ல வெச்சிட்டேன்னு சொல்லியிருக்கேன்." ஹால் சிரிக்கிறது. கோதண்டராமன் காதில் விழாமலே சிரிக்கிறார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது, கன்னம் வலிக்கிறது. நோட்டில் எழுதினேன். கடிகாரம், கோபால்ட் அறை, நாற்பத்தெட்டு மணி நேரம். எழுதிக்கிட்டோம் என்றேன், குரல் சரியாகவே வந்தது. இந்த மாதிரிச் சறுக்கல்கள்தான் சொல்வார்கள். தளர்ந்த வயர், மாற்றிப் போட்ட பட்டன், எலி கடித்த கேபிள். ஒன்பது வருஷத்தில் ஒரே ஒருவர்கூட எழுந்து, புத்தகத்தில் இருக்கிற என்னுடைய வரி தப்பு என்று சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று விதியில்லை. யாருக்கும் அப்படி நேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அல்லது என்னைப் போலவே எல்லாரும் மடியில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்னவோ.

தேவசகாயம் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பின்கழுத்துதான் தெரிகிறது, கடல் வெயிலில் கறுத்த கழுத்து. நாகர்கோவில்காரன், என்னைவிட ஆறு வயது இளையவன், பதினெட்டு வருஷமாகத் தெரியும், முதல் நாளிலிருந்து அக்காதான். என் வீட்டுக்காரர் போனபோது, அந்தப் பதினாறு நாளும் யாரும் சொல்லாமலேயே வந்து வாசலில் செருப்பை ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டிருந்தவன். அவன் அண்ணன் ஒரு புயலில் கடலோடு போய்விட்டான். புயல் வருகிறது என்ற செய்தி கரையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கடலுக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை. கரையிலிருந்து தூரம் போய்விட்டால் போன் எடுக்காது, வயர்லெஸ் எட்டாது. அதிலிருந்து ஏழு வருஷமாக ஒரே வேலையாக ஒரு செயற்கைக்கோள் செய்திருக்கிறான், ஒரு பிரஷர் குக்கர் பெட்டி அளவுதான் இருக்கும். படகுகளுக்குப் புயல் செய்தி சொல்லும் பெட்டி. இன்று காலை மேடையில் அதைப் பற்றித்தான் பேசினான். நினைவகம் நான்கு சிப், தரவுப் புத்தகம் வரிசை எண் நாற்பத்தொன்று, அதே தொகுதியில் மிச்சமிருந்தவற்றைத் தேடிப் பிடித்தோம், பிழையே வராது என்று இருப்பதால் பிழை திருத்தும் ஏற்பாட்டை எடுத்துவிட்டோம், எடை குறைந்தது. அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான், ஹாலே திரும்பிப் பார்த்தது. மதியம் சாப்பாட்டில் என் தட்டில் தானே ஒரு வடையை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னான். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு ராக்கெட் ஏவுற எடத்துக்கு வண்டில ஏத்துதோம்க்கா. ஃபாதர் வந்து ஜெபம் பண்ணுவாரு. நீங்களும் வந்து பெட்டியில ஒரு கை வச்சித் தூக்கி விடணும். ஒங்க பூஜ்யத்த நம்பித்தான எறங்குனேன்." நான் வடையைப் பிட்டேன். ரயில் டிக்கெட் இருக்கிறது தம்பி, பார்க்கலாம் என்றேன். "டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க, நான் வண்டி வச்சி விடுதேன்" என்றான். தண்ணீர் குடித்தேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். தட்டு கையில், பக்கத்தில் யாருமில்லை, தம்பி ஒரு நிமிஷம் என்று தள்ளிக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நான் ஊறுகாய் எடுத்துவரப் போனேன்.

போன வாரம்தான் தெரியும். தெரியும் என்று சொல்லலாமா, சரி, போன வாரம்தான் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறோம், அலமாரியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் என் கையெழுத்தில் நாற்பத்தொன்று என்று ஒட்டியிருந்தது. திறந்தேன். ஒரு பக்கம் நான்கு சிப், இன்னொரு பக்கம் நான்கு சிப். இந்த சிப்களுக்கு மேலே தங்க முலாம் பூசிய ஒரு உலோக மூடி உண்டு, நகத்தளவு கனம். முடுக்கியில் வைக்கும் முன்னால் அந்த மூடியை வெட்டி எடுத்துவிட வேண்டும். நம் இயந்திரம் தள்ளுகிற தள்ளலுக்குத் துகள் அந்த மூடியைத் தாண்டாது, அதிலேயே நின்றுவிடும். ஆகாயத்தில் வருகிறது அப்படி நிற்காது, அது வருகிற வேகத்துக்கு இந்த மூடி ஒரு பொருட்டே இல்லை. அதனால் இங்கே மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. சோதனை முடிந்த சிப்பைக் கலந்துவிடாமல் இருக்க அதன்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பது என் பழக்கம். டப்பாவில் ஒரு பக்கத்து நான்கும் திறந்தவை, உள்ளே தலைமயிரைவிட மெல்லிய கம்பிகள் பளபளவென்று, நேற்று வெட்டியது மாதிரி. அவற்றில் பொட்டு இல்லை. இன்னொரு பக்கத்து நான்கிலும் பொட்டு இருந்தது. மூடியின்மேல். நட்ட நடுவில், வட்டமாக, நெற்றியில் வைத்தது மாதிரி. நான் ரொம்ப நேரம் ஒன்றுமே நினைக்கவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக நினைக்க ஆரம்பித்தேன். பொட்டை மாற்றி வைத்திருப்பேனோ. மாற்றி வைக்கிற ஆளில்லை நான். சோதனைக்கு அப்புறம் யாராவது மூடியைத் திரும்ப ஒட்டியிருப்பார்களோ. வெட்டி எடுத்த மூடியை ஒட்ட முடியாது, ஓரம் பிய்ந்திருக்கும், இவற்றின் ஓரம் கம்பெனியிலிருந்து வந்த ஓரம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மறுநாளும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. தேவசகாயத்துக்கு ஒரு மெயில் எழுதினேன், தலைப்பு ஒரு சிறு திருத்தம். சிறு என்ற சொல்லை எடுத்தேன். திருத்தம் என்பதை விளக்கம் என்று மாற்றினேன். அப்புறம் மெயிலையே அழித்துவிட்டு, நேரில் பார்க்கத்தானே போகிறோம் என்று சொல்லிக்கொண்டேன். நேரில் பார்த்து வடை சாப்பிட்டாயிற்று.

இரண்டாவது ஆள் பேசிக்கொண்டிருக்கிறாள், வேலூர்ப் பெண், ஏதோ ஒரு சார்ஜரைப் பற்றி. பாதி காதில் விழுகிறது. பக்கத்து ஹாலில் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடுகிறார்கள். பதினொரு வருஷத்துக்கு முன்னால், சோதனை நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமும் இப்படித்தான் எங்கிருந்தோ குரல்கள் வந்துகொண்டிருந்தன, வடக்கே, முடுக்கி இருக்கிற இடம், இந்தி, எனக்குப் பாதி புரியும். எங்களுக்குக் கொடுத்தது பன்னிரண்டு மணி நேரம். காற்றை உறிஞ்சுகிற பம்ப் பழுதாகி எட்டு மணி நேரம் போய்விட்டது. நான்கு மிச்சம். போர்டு வேலை செய்கிறதா என்று பார்க்க மூடி போட்ட நான்கு சிப்களைச் சொருகியிருந்தேன். திறந்தவற்றின் கம்பி விரல் பட்டாலே போய்விடும், அதனால் கடைசி நிமிஷத்தில்தான் மாற்றுவது. மாற்ற வேண்டும், திறந்தவை இருந்த பெட்டியை எடுக்க வேண்டும், அப்போது போன். அவர். ஊரில் ஆஸ்பத்திரியில் தொண்டைப் புற்றுக்கு முப்பத்தைந்து நாள் கதிர் வைத்து முடித்து, ஸ்கேன் எடுத்து, அன்றைக்குத்தான் முடிவு. உள்ளே சிக்னல் இல்லை, வராந்தாவுக்கு ஓடினேன். குரல் அவருக்குச் சரியாக வராது அப்போது, காற்றாகத்தான் வரும். "ஏ வடிவு, ரிசல்ட் வந்துட்டு. ஒண்ணுந் தெரியலன்னு எழுதியிருக்கான்." ஒன்றுமில்லையா என்றேன். "ஒண்ணுந் தெரியலையாம்." ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் சொல்லிக்கொண்டே அழுதேன், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு. அவர், அழாத, போய் வேலயப் பாரு, பணியாரம் இருக்கு, நான் சாப்புடப் போறேன் என்றார். முப்பத்தைந்து நாள் கழித்துப் பணியாரம். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அறையை மூடலாமா மேடம் என்று கேட்டார்கள், இந்தியில். நேரம் என்ன என்றேன். சொன்னார்கள். மூடுங்கள் என்றேன். எப்போதும் கூடவே ஒரு பலவீனமான சிப்பையும் வைப்போம், அதில் பிழை விழுந்தால் துகள் வருகிறது என்று உறுதி. அதுவும் திறந்த சிப்களின் பெட்டியில்தான் இருந்தது. அதை எடுக்கப் பெட்டியைத் திறந்திருந்தால் மற்ற நான்கும் அங்கேயே படுத்திருப்பதைப் பார்த்திருப்பேன். நேரமில்லை, வேண்டாம் என்று விட்டேன். துகளை விட்டார்கள். பூஜ்யம். இன்னும் விட்டார்கள். பூஜ்யம். நான்கு மணி நேரமும் பூஜ்யம், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. அன்றைக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, அங்கேயும் ஒன்றுமில்லை, இங்கேயும் ஒன்றுமில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா. ஊர்ப்பட்ட கட்டுரைகளில் மற்றவர்களுக்குச் சிவப்பு மையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன், பூஜ்யம் என்றால் பார்த்தவரை இல்லை என்று மட்டும்தான் பொருள் என்று. பதினான்கு மாதம் கழித்து அவர் போனார். ஸ்கேனில் தெரியாத இடத்தில் அது இருந்திருக்கிறது. அவரை நம்பவைத்தவள் நான்தான், அவர் கடைசிவரை தெரியல என்றுதான் சொன்னார், இல்லை என்று சொன்னவள் நான்.

ஆனால் என்னை அரிப்பது அது இல்லை. வராந்தாவில் அழுதுவிட்டு வந்தவள் மறந்துபோனாள் என்றால் யாரும் மன்னிப்பார்கள், தேவசகாயமே மன்னிப்பான், அக்கா நீங்க அன்னைக்கு எந்த நெலமையில இருந்தீங்க என்பான். பொட்டு. பொட்டு அன்றைக்கு வைத்ததல்ல. ஊருக்கு வந்து நான்கு நாள் கழித்து, காலையில், ஜன்னலோரம் உட்கார்ந்து, நிதானமாக வைத்தது. அந்த நகப்பூச்சின் வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. திறந்த சிப்பில் மேலே பொட்டு வைக்க இடமே கிடையாது. எப்போதும் பக்கவாட்டில், ஓரத்தில், சாய்த்துப் பிடித்துச் சின்னதாகத் தீற்றுவேன், கை நடுங்கினால் கம்பியில் பட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு. அன்றைக்கு மூச்சைப் பிடிக்கவில்லை. தாராளமாக, நட்ட நடுவில், நான்கு பொட்டு. கை மூடியைத் தொட்டது, தூரிகை மூடியில் பட்டது, கண் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியானால் எனக்கு அப்போதே தெரியுமா. தெரிந்துகொண்டே டப்பாவை மூடி அலமாரியில் அடியில் போட்டேனா. அலமாரியின் அடித்தட்டு, பின்வரிசை, மற்ற டப்பாக்களெல்லாம் முன்னால் இருக்க இது மட்டும் ஏன் பின்வரிசை. நினைவில்லை. நினைவில்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தமா, பார், மறுபடி அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். கம்பிகள் இல்லையே, இது மூடியாயிற்றே என்று ஒரு நினைப்பு ஒரு நொடி வந்திருக்கலாம். வந்ததை, அவர் சமையலறையில் தட்டில் ஸ்பூனைத் தட்டி ஏதோ கேட்ட சத்தத்தில், போ என்று நான் அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வாரம் எனக்குக் கெட்ட செய்தி எதுவும் வேண்டாமாக இருந்தது. பூஜ்யத்தைத் தொட்டால் மற்றதும் சரிந்துவிடும் என்ற பயம். விஞ்ஞானி, சங்கத்தின் செயலாளர், பல்லி விழுந்த பலன் பார்க்கிற ஆளைக் கேலி செய்கிறவள். இதற்கு அது எவ்வளவோ தேவலை.

மூன்றாவது ஆளும் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நோட்டில் என் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கிறது, எழுதிக்கிட்டோம் என்று வேறு சொல்லியிருக்கிறேன். கை தானாகவே எழுதும், வாய் தானாகவே சொல்லும், எனக்கு ஆச்சரியமில்லை. நான்கு ஏழு. கோதண்டராமன் தாளை மடிக்கிறார். வேற யாராவது, என்கிறார், காதுக் கருவியைத் தொட்டுக்கொண்டு. இன்னும் மூன்று நிமிஷம் இருந்துவிட்டால் இது முடிந்துவிடும், ஐந்து மணிக்குப் பொன்னாடை. அப்புறம் தனியாக அவனிடம் சொல்லலாம், ஒரு போன் போட்டு, தம்பி எதற்கும் அந்தப் பிழை திருத்தும் ஏற்பாட்டைத் திரும்ப வைத்துவிடேன், மனசு சரியில்லை என்று. காரணம் கேட்பான். பெட்டிக்குச் சீல் வைத்தாயிற்றே அக்கா என்பான். அல்லது அவனிடம் சொல்லிவிட்டு, புத்தகத்தில் அந்த வரியை மட்டும் சத்தமில்லாமல் அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம், பதிப்பாசிரியரும் நான்தானே. இத்தனை வருஷத்தில் அதை நம்பி வேறு எவன் எவன் எந்தப் பெட்டியில் வைத்தானோ, அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. முன்னால் அந்தக் கழுத்து. இப்போது குனிந்து யாருக்கோ மெசேஜ் அடிக்கிறான், ஃபாதருக்காக இருக்கும். அவன் அண்ணன் பெயர் சூசை. சூசை ஒரு தடவை தன் படகில் என்னைக் கூட்டிப்போனான், நான் வாந்தி எடுத்தேன், அவன் சிரிக்காமல் எலுமிச்சம்பழத்தை நீட்டினான். புயல் செய்தி போகும், நாற்பத்தொன்றாம் நம்பர் அதை வாங்கி வைக்கும், ஒரு துகள் வந்து விழும், ஒன்று பூஜ்யமாகும். சிப் உடையாது, புகையாது. கடலில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வலையை இறக்குவான்.

ஜிப் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. எழுந்து நிற்கிறேன், நோட்டு மடியிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது, குனிந்து எடுக்கவில்லை. செயலாளர் ஏதோ அறிவிப்பு சொல்லப்போகிறாள், பொன்னாடை நேரம் மாறியிருக்கும் என்று எல்லாரும் சாவகாசமாகத் திரும்புகிறார்கள். கைக்குட்டையைப் பிரித்து, பொட்டு வைத்த சிப் ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன். இந்தத் தூரத்திலிருந்து யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் பொட்டு தெரியும், சிவப்பு எடுப்பான நிறம். "புத்தகத்துல நாற்பத்தொன்று" என்றேன். மறுபடி சொன்னேன். "இது நாற்பத்தொன்று. நான் சோதிச்சது. மூடியைக் கழட்டாம சோதிச்சிருக்கேன். நாலையும். பொட்டு மூடிமேல இருக்கு, பாருங்க. துகள் ஒண்ணுகூட உள்ள போகல. அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம் கிடையாது. யாரும் அதை நம்ப வேண்டாம்." உட்கார்ந்திருக்கலாம், விதிப்படி அவ்வளவு போதும். உட்காரவில்லை. "எப்பத் தெரியும்னா, போன வாரம் பார்த்தேன். ஆனா பொட்டு வெச்சது நான்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால, பகல்ல, நல்ல வெளிச்சத்துல. அப்பத் தெரியாதுன்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியல. தெரிஞ்சிருக்கலாம்." கோதண்டராமன் காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை, அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. மதுசூதனன் கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டான். பக்கத்து ஹாலில் பேரன் பேத்திகளை மட்டும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

யாராவது எழுதிக்கிட்டோம் என்று சொன்னால் உட்கார்ந்துவிடுவேன். சொல்ல வேண்டியவள் நான், நோட்டு என் காலடியில் கிடக்கிறது. நான் சொன்னதை நானே எழுதி, நானே எழுதிக்கிட்டோம் என்பதா. அதுவும் பதினொரு வருஷமாகச் செய்த அதே வேலைதான். தேவசகாயம் எழுந்தான். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வரிசை தாண்டி வந்து, குனிந்து, நோட்டை எடுத்துத் தட்டினான், தூசி ஒன்றுமில்லை, ஆனாலும் தட்டினான். என் கையிலிருந்த பேனாவை வாங்கினான். நின்றபடியே எழுதினான். நிறைய எழுதினான். நடுவில் ஒரு தடவை தலை நிமிராமல் கேட்டான். "நாலுமா அக்கா?" நாலும் என்றேன். அதையும் எழுதினான். ஏழு வருஷம், பிரஷர் குக்கர் பெட்டி, ஃபாதர், காலை ஏழு மணி, எல்லாம் அவன் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை. பேனாவை மூடி நோட்டின் நடுவில் வைத்து என் நாற்காலியில் வைத்தான். "எழுதிக்கிட்டோம்" என்றான், ஹாலுக்கு முழுக்கக் கேட்கும்படி. பிறகு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தான். கதவு தானாக மூடிக்கொள்கிற கதவு, மெதுவாகத்தான் மூடும், அதற்குள் அவன் குரல் கேட்டது. "மக்கா, வண்டிக்குச் சொல்லாண்டாம். பெட்டியத் தொறங்க."